ஞாயிறு, அரை மணித்தியாலம்

மைனஸ் மூன்று தசம் ஒன்று.
இருபத்தெட்டு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவள் நான்.
மைனஸ் என்றால் என்னவென்று
எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கிழமைக்கு ஒரு வெள்ளைக் குளிசை.
வெறுவயிறு. ஒரு முழுக் கிளாஸ் பச்சைத்தண்ணி.
பிறகு அரை மணித்தியாலம்
படுக்கக் கூடாது, குனியக் கூடாது;
தொண்டைக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடுமாம்.
பெட்டிக்குள் மடித்த தாளில் சிங்களமும் ஆங்கிலமும்.
தமிழில் இருந்தது
பாமசி நஸ்மியாவின் கையெழுத்து மட்டும்:
"தேத்தண்ணி பிறகு. கல்சியம் அதற்கும் பிறகு."

ஆகவே நிற்கிறேன்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, பல்கனி.
ஆறு இருபது ரயில் கடலோரம் போகிறது.
கதவடியில் பேப்பர் விழுகிறது, விழட்டும்.
பக்கத்து வீட்டில் பிளேன்ரீக்கு இஞ்சி இடிக்கிறார்கள்.
நாக்கு
அந்தக் கடைவாய்ப்பல்லை ஆட்டிப்பார்க்கிறது.

வியாழன், பல் டொக்டரிடம் வாயைத் திறந்தபடி கிடந்தேன்.
ஊசி போடமுதல் கேட்டாள்:
"எலும்புக்கு ஏதும் மருந்து?"
நாலு வருஷமாய் என்றேன்.
குறட்டைத் தட்டில் வைத்தாள்.
பிடுங்கினால் தாடை ஆறாமல் போகலாம், அரிதுதான்,
கடிதம் தருகிறேன், உங்கள் டொக்டரிடம் காட்டிவிட்டு வாங்கோ.
தொடையில் நோவு இருக்கிறதா என்றும் கேட்டாள்.
இல்லை என்றேன்.

இருக்கிறது.
வலப்பக்கம், இடுப்புக்குக் கீழே.
லிப்ட் பழுதான நாளின் படிக்கட்டுச் செலவென்று
வேறு கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

ஆறு ஐம்பது.
இனிக் குனியலாம்.
பேப்பர் கிடக்கிறது.
பேனையை எடுத்து
அவள் தந்த கடிதத்தின் அடியில் எழுதுகிறேன்:
வலது தொடை. இரண்டு மாதம்.