முப்பத்தொன்றாம் எண்

குவோப்பியோவில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, அதன்மேல் கார்கள் ஓடும் மாதம்.
மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில்
நான் தமனிகளுக்குத் தேர்வு வைக்கிறேன்.

தேர்வு எளிது.
முன்கையில் பட்டை கட்டிக் காற்றடைத்து
ஐந்து நிமிடம் இரத்தத்தை நிறுத்தவேண்டும்.
பிறகு சட்டென்று விடவேண்டும்.
மடை திறந்தாற்போல் பாய்ந்து
அது நாளத்தின் சுவரை உரசும்.
உள்சுவரில் ஒற்றை அடுக்காய் ஒட்டியிருக்கும் செல்கள்
உரசலை உணர்ந்து ஒரு வாயுவை வெளிவிடும்.
சில நொடிகளே வாழும் வாயு.
சாவதற்குள் அது
தசையிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்:
இளகு.

இளகினால் நூற்றுக்கு எட்டு, ஒன்பது.
திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்
ஒரு மயிரிழை விலகும்.
பதினான்கு வருடமாய்
அந்த மயிரிழையில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

தாய்ஸ்தோ ஹுத்தினென், மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவர்,
பதினொரு வருடச் சர்க்கரை,
பூட்ஸோடு படுக்கலாமா என்று கேட்டு
என்னிடம் முறைப்பு வாங்கியவர்.
அவருடைய கோடுகள் அசையவே இல்லை.
"அடைப்பா?"
அடைப்பில்லை, குழாய் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது,
திற என்று சொல்லும் குரல்தான் கம்மிவிட்டது என்றேன்.
யோசித்தார்.
"என் மனைவியும் இதையேதான் சொன்னாள்,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது."
சிரித்தாரா, தெரியவில்லை.
இந்த ஊரில் அதை அளக்கக் கருவியில்லை.

நோயாளிகள் கிடைத்துவிடுகிறார்கள்.
நோயில்லாதவர்களுக்குத்தான் பஞ்சம்.
ஒப்பிட வைத்திருந்தவர்களில்
ஒருத்தி கருவுற்றாள்,
ஒருவன் வேலை மாறி ஹெல்சிங்கி போனான்.
வெள்ளிக்கிழமை கெடு. ஓர் ஆள் குறைந்தது.
ஐம்பத்தொரு வயது, புகையில்லை,
ஞாயிறுதோறும் பனிச்சறுக்கு.
நானே படுத்தேன்.
விதியில் தடையில்லை, இரண்டு முறை பார்த்தேன்.
எனக்கு எண் முப்பத்தொன்று.

கை மரத்தது. விரல்கள் வேறு யாருடையவோ ஆயின.
காற்று சீறி இறங்கியதும்
சூடு விரல்நுனிவரை ஓடி வந்தது.
நன்றாகவே ஓடி வந்தது,
அப்படித்தான் நினைத்தேன்.

படங்களைப் படிப்பவன் வில்யாமி.
பெயர் அவனுக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான்.
பாரபட்சம் கூடாதென்று நான் எழுதிய விதி.
செவ்வாய் மதியம் காபிக் கோப்பையோடு வந்தான்:
"முப்பத்தொன்று, இரண்டு புள்ளி ஆறு.
சர்க்கரைக்காரர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்."

"பட்டியலைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது"
என்று சொன்னேன்.
இலவங்கப்பட்டை பன்னைக்
கடித்த பக்கம் தெரியாமல் திருப்பி வைத்தேன்.

தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால்தான் தெரியுமாம்.
எனக்கு வந்தும் தெரியவில்லை.
எந்த விமான நிலையத்தில், எந்த விருந்தில்,
எந்தத் தூங்காத இரவின் விண்ணப்பத்தில்
அந்தக் குரல் முதன்முறை கம்மியது?
ஊரெல்லாம் காது வைத்துக் கேட்டவள் நான்.

அழித்துவிடலாம். ஒரே விசை.
கருவிக் கோளாறு என்று ஒரு குறிப்பு போதும்.
எட்டு மணிவரை
அந்த விசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
கீழ்த்தளத்துக்குப் போனேன்.
"காலை ஏழுக்கு, வெறும் வயிற்றோடு" என்றாள் செவிலி.
"பெயர்?"
ஓய்லி தெர்வனியெமி.
எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏரியின்மேல் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.
நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி நீளமாய் முனகியது.
இறுகும்போதும் அப்படித்தான் முனகும்,
இளகும்போதும் அப்படித்தான்.
குளிர் தாங்கும்வரை நின்று கேட்டேன்.

வியாழன் தாய்ஸ்தோ மறுபடி வருகிறார்.
பூட்ஸோடே படுத்துக்கொள்ளட்டும்.