ஒன்றாம் தேதி

மாதம் பிறந்தால் அக்கட்ட
கேரளத்துக் கடைக்குப் பூட்டு.
வள்ளுவர் தினம், வள்ளலார் நாள்,
மகாவீர் ஜெயந்திக்கு இக்கட்டப் பூட்டு.
ரெண்டு அரசாங்கத்தின் நாட்காட்டியும்
எனக்கு மனப்பாடம்.
மிதுனாவின் பிறந்தநாளை
ரெண்டு வருஷம் மறந்தேன்.

கோபாலபுரம் சாவடியில்
கோழி இறக்கிவிட்டுக் காலியாய்த் திரும்பும் வண்டிக்கு
மருந்தடிக்கிற வேலை.
அங்கத்திக் காய்ச்சல் இங்கே வராமலிருக்க
டயர் டயராய் நனைப்பேன்.
என் இடுப்பில் சொருகிய குவார்ட்டரை
ஒருத்தரும் நிறுத்திக் கேட்டதில்லை.
கடைசி நாட்களில் நான் குடித்தது
காலையில் சட்டைப் பொத்தான் போட.

தெய்வானை கோயிலில் கயிறு கட்டினாள்.
யாரோ விற்ற பொடியைச் சாம்பாரில் கலந்தாள்.
அன்றைக்கு நெஞ்சு அடைத்து, முகம் சிவந்து
முருங்கை மரத்தடியில் கிடந்தேன்.
பிறகுதான் பஸ் ஏறினோம்.
மலையாளத்தில் ஒரு தாள் நீட்டினார்கள்.
என்ன எழுதியிருக்கிறதென்று கேட்காமலே
கையெழுத்துப் போட்டாள்.
டாக்டர் அவளிடம் மெதுவாய்ச் சொன்னார்:
"சொல்லாமக் கொடுக்கிற மருந்து
ஆளையே கொன்னுடும், சேச்சி."

மூன்றாம் ராத்திரி
கட்டிலைச் சுற்றி இறகு.
வெள்ளை இறகு. மூக்கில், வாயில்,
மின்விசிறியிலிருந்து உதிர்ந்துகொண்டேயிருந்தது.
வண்டி வந்துடுச்சு, மருந்தடிக்கணும் என்று
குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கினேனாம்.
"பேடிக்க வேண்டா" என்றபடி
ஊசி போட்டார் ஒரு நர்ஸ்.
வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்த்திருந்தால்
வலிப்பில் போயிருப்பேன் என்று
விடிந்த பிறகு சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் வேலாயுதன்,
முப்பது வருஷம் தென்னை ஏறிக் கள் இறக்கியவர்.
"மரத்து மேல ஒருநாளும் தவறல,
கீழ வந்துதான் விழுந்தேன்" என்பார்.
அடுத்தது ஒரு காலேஜ் பையன்.
வலி மாத்திரையைக் கரைத்து
நரம்பில் ஏற்றியவன்.
மே மாச வெயிலிலும் முழுக்கைச் சட்டை.
அவனுக்கு வேறு மருந்து, வேறு கணக்கு.
ராத்திரி அழுகை மட்டும் ஒன்று.

கவுன்சிலர் ரெஹானா கேட்டார்:
"எப்பக் குடிக்கத் தோணும்?"
சம்பளம் வந்தா.
"வரலைன்னா?"
அப்பவுந்தானுங்க.
அவர் சிரித்தார். எனக்கும் வந்தது.
சிரித்து எத்தனை நாளாச்சு என்று
கணக்குப் போடத் தெரியவில்லை.

நாற்பத்தோராம் நாள்
மச்சான் வீட்டுக் காதுகுத்து.
பீர்தானே என்றார்கள்.
பீர்தானே என்றேன்.
அடுத்த ஒன்பது நாள் எங்கே போனதென்று
தெய்வானைக்குத்தான் தெரியும்.
அவள் இன்னும் சொல்லவில்லை.

திட்டு வாங்கத் தயாராய்ப் போய் உட்கார்ந்தேன்.
ரெஹானா அதே ஃபைலைத் திறந்து
புதுப் பக்கம் புரட்டினார்.
"அந்த நாற்பது நாள் எப்படி முடிஞ்சுது?
அதைச் சொல்லுங்க மொதல்ல."

இப்போது மாத்திரையைக்
கேட்டு வாங்கி முழுங்குகிறேன்.
சனிக்கிழமை கூட்டத்தில்
பேர் சொல்லி எழுந்து நிற்கிறேன்.
நாக்கு இழுத்தால் வண்டி எண்ணுகிறேன்.
ஏழெட்டு லாரி போவதற்குள்
கொஞ்சம் தணியும்.
தணியாத நாளும் உண்டு,
அன்றைக்குத் தெய்வானைக்கு போன்.
எடுப்பாள். ஒன்றும் பேசமாட்டாள்.
குக்கர் சத்தம் கேட்கும்.

இன்று ஒன்றாம் தேதி.
பைக்கில் ரெண்டு பேர், பாலக்காட்டு நம்பர்.
"சேட்டா, கட எவிடயா?"

எனக்குத் தெரியாத கடையா.
பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுக்
கை நீட்டிக் காட்டினேன்.
கை நடுங்கவில்லை.
வாயில் மட்டும்
எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.