இடுக்கு

ஐந்து ரோட்டில் மூன்றாவது மாடி.
கீழே தட்டுவடை செட்டுக்கு
பீட்ரூட் துருவுகிறார்கள்.
மேலே நான்
ஜாவாவைத் துண்டு போடுகிறேன்,
மாவட்டம் ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய்.

சாவகம் என்று பள்ளியில் படித்தது.
அங்கே கபுபாத்தேன் என்றால் மாவட்டம்,
கோத்தா என்றால் நகரம்.
"ரெண்டும் சமம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடாதீங்க"
என்று முதல் நாளே சொன்னார் சித்தேஸ்வரன்.
"கோத்தாவா? நாங்க குடியிருக்கறதே கோட்டைதான்"
என்றாள் ரமீஜா, மவுசைத் தட்டியபடி.

மகெலாங் மாவட்டம் உளுந்துவடை.
ஓட்டைக்குள் இருக்கிறது மகெலாங் நகரம்,
அதே பெயர், வேறு முத்திரை.
செமாராங் மாவட்டத்துக்குத் தலைநகர் உங்காரன்.
செமாராங் நகரம் தனிக்கணக்கு.
ராத்திரி கனவில் இவையெல்லாம்
ரேஷன் கடை வரிசையில் நிற்கின்றன.

எனக்கு இது புதிதில்லை.
ராசிபுரத்தில் பிறந்தேன், சேலம் மாவட்டம்.
இரண்டு வயதில் நாமக்கல் மாவட்டத்துக்காரி.
இடையில் தொட்டில்கூட
சுவர்ப்பக்கம் தள்ளிப் போடப்படவில்லை.

வியாழக்கிழமை சலத்திகா வந்தது.
மெர்பாபு மலையடியில் சின்ன நகரம்,
சுற்றிலும் செமாராங் மாவட்டம்.
ஜன்னலில் சேர்வராயன், திரையில் மெர்பாபு,
நடுவில் என் கழுத்துவலி.
நகரத்தின் கோடும் மாவட்டத்தின் கோடும்
ஓரிடத்தில் ஒட்டவில்லை.
பதினொரு மீட்டர் இடுக்கு.
யாருக்கும் சேராத பரப்பு: 1
என்று சிவப்பில் மின்னியது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு தகரக் கூரை.
கொடியில் துணி என்று நான் நினைத்த
நாலைந்து நிறப்புள்ளிகள்.
ஒன்று நல்ல மஞ்சள்.

விதி நான்கு சொல்கிறது:
எந்தப் பக்கம் எல்லை நீளமோ
அந்தப் பக்கத்தோடு சேர்.
ஒரே சொடுக்கு. மாவட்டத்துக்குப் போய்விடும்.

கன்னங்குறிச்சி ஓரத்தில் எங்கள் வீடு.
வாசல் மாநகராட்சி, பின்கட்டு பேரூராட்சி.
குப்பை வண்டி எட்டாம் நம்பரோடு
பின்னால் எடுத்துத் திரும்பிவிடும்.
போன ஐப்பசியில் சாக்கடை எதிர்த்து
அடுப்படிக்குள் வந்தபோது
இந்த ஆபீசில் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்கள்,
அந்த ஆபீசில் இந்தப் பக்கம்.
இரண்டு கைக்கும் நடுவே
மனுவை சட்டைக்குள் வைத்துக்கொண்டு
நனைந்து நின்றார் செங்கோடன்.

அதனால் சொடுக்கவில்லை.
உயரக் கோடுகளை வரவழைத்து
அந்தக் கூரையில் விழும் தண்ணீர்
எங்கே இறங்கும் என்று பார்த்தேன்.
மதியச் சாப்பாடு போயிற்று.
நகரத்துப் பக்கம்தான் இறங்குகிறது.
நகரத்தோடு சேர்த்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: சாக்கடை.

நான்கரைக்குத் திரும்பி வந்தது.
சித்தேஸ்வரன் கோபிக்கவில்லை.
"விதி நாலு" என்று மட்டும்
மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்.
ரமீஜா என்னைப் பார்த்தாள்,
பிறகு அவள் பங்குக் கடற்கரையைப் பார்த்தாள்.

சொடுக்கினேன்.
பிழைகள்: 0.

ஜன்னலில் மலை இல்லை,
ஏற்காட்டுப் பக்கம் முழுக்க வெள்ளை.
இன்னும் முக்கால் மணியில் கீழே இறங்கும்.
செங்கோடனுக்குப் போன் போட்டேன்.
பின்கட்டில் அரிசி மூட்டை தரையில் இருக்கிறது,
ஸ்டூல் மேல் தூக்கி வை,
வாசலில் கிடக்கிற செங்கல்லையும் எடுத்துக்கொள்.