பதினேழாம் இலக்கம்

இந்த மேடையில் அந்தப் பாட்டை
நாற்பத்தொரு பேருக்கு வாசித்திருக்கிறேன்.
ஜம்பட்டா வீதிப் பங்கு மண்டபம்,
மின்விசிறி மூன்று, ஒன்று சுற்றாது.
துணிந்தவர்கள் ஜி மைனர் கேட்பார்கள்,
தொண்டை கட்டியவர்கள் ஈ மைனர்.
ஒருமுறை ஒரு பல் வைத்தியர்
ஸ்கேல் எல்லாம் வேண்டாம், நீர் என் பின்னால் வாரும் என்றார்.
போனேன்.
அந்த வருடம் இரண்டாம் பரிசு அவருக்குத்தான்,
பிரஷர் குக்கர்.

இத்தாலியப் பாட்டு.
பாடுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது,
ஆகவே எல்லோருக்கும் விளங்கும்.
சிங்களத்தில் பாடினால் ஒரு வரிசை கை கட்டியிருக்கும்,
தமிழில் பாடினால் மற்ற வரிசை.
இதற்கு மட்டும் மண்டபமே தட்டும்.
காதல் என்பது தெரியும்:
மூன்றாம் அடியில் கண் மூட வேண்டும்,
கடைசி அடியில் ஒரு கையை நீட்ட வேண்டும்.
கொட்டாஞ்சேனைச் சட்டம்.

கசெட் என்னுடையது.
தொண்ணூற்றொன்றில்
லிட்வினா வெரோனாவிலிருந்து அனுப்பினாள்.
கடிதம் இல்லை.
உடையாமலிருக்கச் சுற்றிய கம்பளிக் காலுறை, ஒற்றை.

கரண்ட் போன இரவு.
பற்றரி தீரத் தீரப் பாடகியின் குரல் இறங்கி
ஆண் குரலாகிக்கொண்டு வந்தது.
காதில் விழுந்ததைக் கொப்பியில் தமிழில் எழுதினேன்.
ஓரிடத்தில் பென்சில் நின்றது.
திருப்பிப் போட்டுக் கேட்டேன்:
நான் தோர்னா. நான் தோர்னா.
நான்!
நம்முடைய சொல் அங்கே எப்படிப் போனது என்று
தனியே இருந்து சிரித்தேன்.

ரோமாபுரியில் படித்த எமரிட்டா மதர்
மற்றச் சொல்லுக்குப் பொருள் சொன்னார்: திரும்பி வா.
சேர்த்துப் பார்த்தேன்.
நான். திரும்பி வா.
நான் அவளிடம் சொல்லாமல் விட்டதை
அவளே கண்டுபிடித்து
எனக்காகப் பாட ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறாள்
என்று அந்த வயதில் நம்பலாம்.

அந்தக் கொப்பிதான் போட்டோக்கொப்பியாகி
நாற்பத்தொரு கைக்குப் போனது.
'நான்' வரும்போது நெஞ்சில் அடிப்பார்கள்,
பின்வரிசை விசிலடிக்கும்.

பதினேழாம் இலக்கம், நேற்று.
பிரிஸ்கா மரியநாயகம், மட்டக்குளி.
பதினொரு வருடம் மிலானோவில்
யாரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டியவள்.
ரப்பர் செருப்பு.
எஃப் மைனர் அங்கிள், மெதுவா, என்றாள்.
கண் மூடவில்லை.
கை நீட்டவில்லை,
மைக் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.
பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்குச் சொல்வதுபோல
மூன்றாம் அடிக்கு வந்தாள்.
நோன் தோர்னோ.

நாவும் இல்லை, னாவும் இல்லை.
பிழை, என்றான் பின்வரிசைப் பெடியன் ஒருவன்.
நடுவர் மூவரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.
என் விரல் ஒரு கட்டை தவறியது.
அவளுக்கு உச்சரிப்பு பத்துக்கு நாலு.

இடைவேளை. மேடைக்குப் பின்னால்
ஃபிஷ் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.
அந்தச் சொல் என்ன பிள்ளை, என்றேன்.
எந்தச் சொல்?
நோன்.
இல்லை, என்றாள்.
சொல்லே இல்லையா?
இல்லை எண்டுதான் அங்கிள் கருத்து.
நோன் தோர்னோ, நான் திரும்பி வரமாட்டன்.
போறவ பாடுற பாட்டு அது.
இங்க எல்லாரும்
நிண்டவன் பாடுற மாதிரிப் பாடுறீங்க.
பிறகு,
இந்த ரோல்ஸில உப்புக் கூட, என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல்
ஒரு நகரத்தின் இந்த மூலையே
ஒரு பெண்ணைத் திரும்பி வா என்று கத்தியது,
அவள் சொன்ன பதிலை எடுத்துவைத்தே.

பதினெட்டாம் இலக்கம்.
கழுத்துப் பட்டி கட்டிய பெடியன்,
அதே பாட்டு, ஜி மைனர் சேர், என்றான்.
கையில் கொப்பியின் கொப்பியின் கொப்பி,
மங்கிப்போன என் கையெழுத்து.
திரைக்குப் பின்னால் நின்று
நெஞ்சில் கை வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.
என் சட்டைப் பையில் பேனா இருந்தது.

மணி அடித்தது.
ஜி மைனரில் தொடங்கினேன்.