மேலிருந்து பார்க்கிறவன்

சமவெளிக்காரனுக்கு மலை என்றாலே
கொஞ்சம் சந்தேகம்.
வண்டலில் பத்து ஊர் தோண்டினாலும்
மண்வெட்டியில் இடறாத கல்
இங்கே மட்டும் ஏன்
இப்படி எழுந்து நிற்கிறது?

நானூற்றுச் சொச்சம் படி.
எண்ணிக்கொண்டே வந்த நாகூர் கனி
இருநூற்றுப் பத்தில் விட்டுவிட்டான்.
நில அளவை அலுவலகத்தில்
எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவன்.
அவன் கழுத்தில் தொலைநோக்கி,
என் பையில் ஒரு பாட்டில் மோர்.

குகைச் சுவரில்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
வெளியே பாறை முதுகில் சதுரம் சதுரமாய்க் குழிகள்.
தூண் நட்ட குழிகள்.
தூண் இல்லை, கூரை இல்லை,
கூரை நிழலில் யார் நின்றார்கள் என்பதும் இல்லை.
நேற்றைய மழை இருக்கிறது.
அதில் மிதக்கிற சோளப்பொரி உறை இருக்கிறது.
"மருந்துக் கிடங்கு வெடிச்சுப் போச்சாம்" என்றான் கனி.
என்ன மருந்து என்று கேட்டேன்.
"பீரங்கி மருந்து, சார்."

வடக்கே திரும்பினோம்.
பாலம்.
பாலத்துக்குக் கீழே பாதி மணலும் பாதி நீருமாய்க் காவிரி.
அதற்கு அப்பால் தென்னந்தலைகளுக்கிடையே
ஒன்றுக்குள் ஒன்றாய் மதில்கள்,
கடைசி மதிலுக்குப் பின்னால்
கொள்ளிடத்தின் வெளுத்த விளிம்பு.

இருபத்தாறு வருஷமாய் அதற்குள் குடியிருக்கிறேன்.
பால் வாங்க ஒரு மதில்,
பஸ் பிடிக்க இரண்டு மதில்,
மாமனாரைத் தூக்கிப்போன அன்று
மதிலோரமாகவே ஒரு முழுச் சுற்று.
வாசல் வாசலாகக் கடந்திருக்கிறேன்.
ஏழையும் ஒரே பார்வையில்
ஒருநாளும் கண்டதில்லை.

"புலப்படம் மாதிரியே இருக்கு, சார்."
இருந்தது.
எல்லைக்கல், வரப்பு, உட்பிரிவு.
விரல் பென்சிலைத் தேடியது.
அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போகிறவனுக்கு
மதில் ஒவ்வொன்றாகத்தான் விலகும்.
ஏழையும் ஒருசேரப் பார்க்க
இத்தனை உயரம் ஏறிவந்தவன்
சேவிக்க வந்தவன் இல்லை.
இதே குழியோரம் நின்று
இதே வெயிலில் கண்ணை இடுக்கி
எந்த மூலை தாழ்வு
எந்தக் கதவு இற்றது
அங்கிருந்து இங்கே எத்தனை பாகம்
என்று மனக்கணக்குப் போட்டிருப்பான்.
அவனுக்கும் நாக்கு வறண்டிருக்கும்.
அவனோடும் ஒரு கனி வந்திருப்பான்.
அளப்பது என் தொழில்.
அவனுடையதும் அதுதான்.

வீட்டைத் தேடினேன்.
தண்ணீர்த் தொட்டிகள்தான் தெரிந்தன.
கறுப்பு, கறுப்பு, இன்னும் கறுப்பு.
செண்பகத்துக்குப் போன் போட்டேன்.
"மொட்டைமாடிக்குப் போய் எதையாவது ஆட்டேன்."
"என்னத்த ஆட்டறது?"
"துண்டு, புடவை, கையில அகப்படறது."
"இந்த வெயில்லயா? மலை ஏறினா மண்டையும் காயுமா?"
ஆனால் போனை வைக்கவில்லை.

வெள்ளைக் கோபுரத்துக்கு வலப்பக்கம்
மூன்றாவதோ நாலாவதோ மாடியில்
சிவப்பாய் ஒன்று அசைந்தது.
மடிந்தது. உதறி மறுபடி விரிந்தது.
எறும்பளவு ஓர் உருவம்.
நெஞ்சு ஏன் அப்படி அடைத்தது, தெரியவில்லை.
பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க
"பாத்துட்டேன், பாத்துட்டேன், சிவப்பு!" என்று கத்தி
இடது கையை உயர்த்தி ஆட்டினேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
பிறகு,
"நான் இன்னும் அடுப்படியிலதான் நிக்கறேன்" என்றாள்.
"பால் பொங்கப் போறது."

கனி தொலைநோக்கியைக் கழற்றி நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
யாரோ ஒருத்தி
தன்பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்,
மலைமேல் ஒருவன்
அவளைத் தன்னுடையவள் என்று நினைத்தது தெரியாமல்.
உயர்த்திய கையை
எப்படி இறக்குவது என்று யோசித்து
தலையைச் சொறிந்துகொண்டேன்.
மோர் சூடாகியிருந்தது. இருவரும் குடித்தோம்.

சாயங்காலம் பாலம் தாண்டி
ராஜகோபுரத்தடியில் ஸ்கூட்டரை மெதுவாக்கினேன்.
வாசலை அடைத்தபடி ஒரு மாடு.
ஹாரனுக்கு அசையவில்லை.
அது மனசுவைத்து நகர்ந்த பிறகுதான்
அடுத்த மதில் தெரிந்தது.