இடது காலுறை

ஓவ்லு, வட பின்லாந்து. டிசம்பர்.
மதியம் இரண்டு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.
ஒரு கமாவை நகர்த்தினாலும்
நாற்பத்தேழு நிமிடம் கம்பைல் ஓடும்.

அந்த நாற்பத்தேழில்தான் நாங்கள் குடியிருந்தோம்.
டார்மோ உறைந்த கடல்மேல் சறுக்கிவிட்டு
புருவத்தில் பனியோடு திரும்புவான்.
"முடிஞ்சுதா?"
அறுபத்திரண்டு சதவீதம்.
கீழ்த்தளத்துக் காபி எந்திரம்
எங்களைவிட அதிகம் உழைத்தது.
ரவுனி பின்னினாள்,
வெளியீட்டுக்கு ஒரு ஜோடி காலுறை.
எங்கள் அணியில் யார் காலும் சில்லிட்டதில்லை.

வந்த முதல் வாரமே ஹில்ப்பா கேட்டாள்,
ஏன் இவ்வளவு நேரம் என்று.
ஏன் பனி பெய்கிறது என்று கேட்டதுபோல் சிரித்தோம்.
பெரிய ப்ராஜெக்ட். அப்படித்தான்.

அவள் நூல் பிடித்துக்கொண்டு போனாள்.
எந்தக் கோப்பு எதைக் கூப்பிடுகிறது,
அது வர யார் யார் வரவேண்டும்...
சுவர் முழுக்கக் கோடுகள்.
எல்லாம் போய் விழுந்தது
'பொது' என்று பெயர் வைத்த ஒரே ஒரு ஹெட்டரில்.
தேதி கேட்கத்தான் கூப்பிடுவார்கள் அதை.
அதுவோ மாமன் மச்சான் ஓரகத்தி கொழுந்தி
ஓட்டை ரேடியோ வரை கட்டிக்கொண்டு
இரண்டாயிரத்து முன்னூறு வாசலிலும்
வந்து இறங்கும்.

அதன் முதல் வரியில் ஒரு குறிப்பு:
"தற்காலிகம். வெள்ளிக்கிழமை பிரித்துவிடுகிறேன். – ரவுனி."

ரவுனி ஊசியை மடியில் வைத்தாள்.
அது பதினான்கு வருடத்துக்கு முந்தைய வெள்ளி.

பிரிக்க ஏழு வாரம்.
பல இடங்களில் பெயர் சொன்னாலே போதுமாயிருந்தது:
இப்படி ஒருவர் உண்டு,
வீடு வாசல் விவரமெல்லாம் பிறகு.
முறுக்கிக்கொண்ட கோப்புகளை
இருவரும் ஒரே திரைமுன் உட்கார்ந்து
சமாதானம் செய்தார்கள்.
அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
ஒருமுறை மட்டும் ரவுனி,
"அந்த வெள்ளிக்கிழமை என் மகனுக்குக் காய்ச்சல்."
ஹில்ப்பா, "அடுத்தது எது?"

நான்கு நிமிடம் பத்து நொடி.
டார்மோ ஒரு பூட்ஸைக் கட்டி முடிக்குமுன்
திரையில் பச்சை.
மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

கேக் வெட்டினோம்.
எனக்குத்தான் என்னவோ போலிருக்கிறது.
முன்பெல்லாம் தப்பு வெளியே வரும்போது
அதைச் செய்தவன் வேறு ஆள்,
நாற்பத்தேழு நிமிடம் பழையவன்.
இப்போது கை சூடு ஆறுமுன்
முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.

ரவுனியின் மேசையில்
குதிகால் வரை வந்து கிடக்கிறது ஒரு காலுறை.
வலது எனக்குச் சரியாக இருக்கிறது.
இடதை
வெள்ளிக்கிழமை முடித்துத் தருகிறேன் என்கிறாள்.