ஹாரி நாச்சி

செவ்வாய்க்கிழமைகளில் டர்பனில் பேருந்து ஏறி
பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்கூடத்துக்குப் போகிறேன்.
பேனாவை வாசலில் வாங்கிக்கொள்வார்கள், பென்சில் மட்டும் போகலாம்.
தேடுவது ஹாரி என்கிற ஆளை.

மே மாதம் இறந்த என் கணவரின் தகரப் பெட்டியில்
நாலாக மடித்த குத்தகைத் தாள் ஒன்று இருந்தது.
ஹாரி நாச்சி. ஆண். விவசாயி.
இசிப்பிங்கோவில் ஏழு ஏக்கர், ஆண்டுக்குப் பதினான்கு பவுன்.
நம்ம நிலத்தைத் தின்ன வெள்ளைக்காரன் என்று
அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக
வசவு வாங்கிக்கொண்டிருப்பவன்.

ஹாரி எங்கும் பிறக்கவில்லை.
எந்தக் கப்பலிலும் வரவில்லை.
வரி கட்டியிருக்கிறான், ஒருநாளும் பாக்கி வைக்காமல்.
வெள்ளைக்காரன் ஏன் கைநாட்டு வைக்கிறான் என்று
நாலு வாரம் எனக்குத் தோன்றவேயில்லை.

ஐந்தாம் செவ்வாய், வேறெதற்கோ புரட்டிய
கப்பல் பதிவேட்டில்
எண் 87,412. அரியநாச்சி.
வயது பத்தொன்பது. உயரம் நாலடி பதினோரு அங்குலம்.
இடது கெண்டைக்காலில் தீத்தழும்பு.
பரமக்குடித் தாலுக்கா. ஊர்ப் பெயர்மேல் மை சிந்தியிருக்கிறது.
துரைமாரின் நாக்கை வாயில் போட்டுக்கொண்டு
சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.
ஆரிய நாச்சி. ஹாரி நாச்சி.
பக்கத்து மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அதன்பிறகு தாள்கள் ஒன்றையொன்று இழுத்துவந்தன.
1909. சேவுகன், காய்ச்சலில் மரணம்.
சொத்து: மாடு இரண்டு, ஒன்றுக்கு ஒற்றைக்கண்.
கலப்பை ஒன்று. தகரத்தகடு ஆறு.
அறுக்காமல் நிற்கிற சோளம், மதிப்பிட இயலவில்லை.
மனைவி என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு.
கல்யாணத்தைப் பதியவில்லையாம்.
கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில்:
இறந்தவருடன் வசித்துவந்த பெண், பிள்ளைகள் மூவர்.

சென்ற மாதம் நானும் அதே மாதிரிப் படிவம் நிரப்பினேன்.
மனைவி என்ற கட்டத்தில் ஒரு டிக்.
சான்றிதழ் நகல் இரண்டு. முடிந்துவிட்டது.

மாடுகளை ஏலம் விட்டிருக்கிறார்கள்.
நல்ல மாடு உம்சிண்டோவுக்குப் போயிற்று.
ஒற்றைக்கண் மாடு: முப்பது ஷில்லிங், ரொக்கம்.
வாங்கியவர், எச். நாச்சி.

இங்கேதான் ஹாரி பிறக்கிறான்.
தன் மாட்டைத் தானே வாங்குகிறவனாக.
ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று தாள் சொல்லவில்லை.
மூக்குத்தி, என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி
அழித்துவிட்டேன். அது என் ஊகம்.

எழுத்தரின் காது மந்தமா,
கேட்கும்போதே அவள் தலையாட்டினாளா,
தெரியாது.
பெண்பிள்ளைக்குக் குத்தகை எழுதாத ஊரில்
இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தப் பிழையைத் திருத்தவில்லை.

சந்தேகப்பட்டேன். பெயர்தானே, யாருக்கும் இருக்கும்.
கைநாட்டுகளை வரிசையாக வைத்தேன்.
ஏலச்சீட்டில் கட்டைவிரல் வழுவழுவென்று இருக்கிறது.
1911 குத்தகையில் ரேகைகளை அறுத்துக்கொண்டு
சாய்வாக ஒரு வெட்டு. கருக்கரிவாளாக இருக்கும்.
பதினாறில் அதே வெட்டு. இருபத்தாறில் அதே வெட்டு,
கொஞ்சம் அகன்று, மண் ஏறி.

கடைசித் தாள் 1931.
ஹாரி நாச்சி, வயது சுமார் ஐம்பது, ஆண்
என்று எழுதிய மருத்துவர்
பிறகு போர்வையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும்.
ஆண் அடிக்கப்பட்டு, மேலே நீல மையில், பெண்.
பெயரை அப்படியே விட்டுவிட்டார்.

இரவு நாத்தனாரைப் போனில் கூப்பிட்டேன்.
உங்க வெள்ளைக்காரன் கிடைச்சாச்சு, என்றேன்.
எவன், நிலத்தைத் தின்னவனா?
ஆமாம்.
உழுது தின்னவர்.